கதம்பம் நின்றுபோன நாள்

காலை எட்டு மணிக்கு மின்சாரம் போய், உடனே வந்தது. வந்த வேகத்தில் குழல் விளக்கு கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒருமுறை எரிந்து அடங்கியது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டருக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். அதோடு திரை கறுத்துவிட்டது.

அவள் கையில் இருந்த துண்டைப் போட்டுவிட்டு ஓடினாள். பட்டனை அழுத்தினாள். உள்ளே மின்விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. இன்னொரு தடவை அழுத்தினாள். அதே அரைச் சுற்று.

கட்டிலில் கிடந்த அவள் கணவனின் கண்கள் அவளையே பார்த்தன. அவனால் பார்க்கத்தான் முடியும். நான்கு வருடமாகத் தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வரும் நோய். கால் போனது, கை போனது, போன வருடம் நாக்கும் போனது. மிச்சமிருப்பது இரண்டு இமைகளும் வலது கட்டைவிரலும்தான். அந்த விரலுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச். திரையில் எழுத்துகள் வரிசையாக ஓடும். வேண்டிய எழுத்து வரும்போது அவன் அழுத்துவான். எழுதி முடித்ததும் இயந்திரம் அதைக் குரலாகப் பேசும்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவன் அவன். சட்டைப்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் திருப்புளி இருக்கும். அதனால் அவன் பெயரே திருப்புளி ஆகிவிட்டது. பேச்சு போகப்போகிறது என்று தெரிந்ததும், விரல்கள் வேலை செய்யும்போதே இதைக் கட்டிவைத்தான். பெட்டி மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்தது. போர்டு ஏதோ அலுவலகம் எடைக்குப் போட்டது. டிஸ்க், மெமரி, விசிறி எல்லாம் கடையில் கழித்துக்கட்டியவை. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதால் அதற்குக் கதம்பம் என்று அவனே பெயர் வைத்தான்.

அது வேறு எந்த நாளில் நின்றிருந்தாலும் அவள் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். சாயங்காலம் நான்கு மணிக்கு டாக்டர் வீட்டுக்கே வருவதாக இருந்தது. மூச்சு குறைந்துகொண்டே வந்தது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைப்பதா வேண்டாமா என்று இன்றைக்கு முடிவு சொல்லியாக வேண்டும். அதற்கான பதிலைத் திருப்புளி பதினோரு நாளாக எழுத்து எழுத்தாகக் கடிதமாக எழுதி வைத்திருந்தான். யாருக்கும் காட்டவில்லை. அது கதம்பத்துக்குள் இருந்தது.

ஒன்பது மணிக்கு நாத்தனார் வந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தம்பியைத் தூக்கி வளர்த்த அக்கா. நின்றுபோன இயந்திரத்தைப் பார்த்தாள்.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"கண்ணு இருக்கே அண்ணி. ஆமான்னா ஒருதரம் நீளமா மூடுவாரு. இல்லன்னா ரெண்டு தரம்."

"அந்த இமை சும்மாவே துடிக்குது. நீ உன் இஷ்டத்துக்கு ஒரு அர்த்தம் சொல்லுவ. போன தடவை டாக்டர் முன்னாடி என்ன ஆச்சு? நீ ஆமான்னாருன்ன, எனக்கு இல்லன்னு தெரிஞ்சுது. உசுரு விஷயம்மா இது. கண்ணாமூச்சி ஆட்டம் இல்ல."

நாத்தனார் சொன்னதில் பொய் இல்லை. டாக்டரும் அன்றைக்குப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அவரே சொல்லட்டும்" என்றுதான் போனார்.

அவள் பெட்டியைக் கழற்றி, துணிப்பையில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். கடைக்காரர் பட்டனை அழுத்தினார், விசிறி அரைச் சுற்று சுற்றியதைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"போர்டு போயிடுச்சு. இந்தக் காலத்துல இதுக்கு உதிரி எங்க கிடைக்கும்? புதுசு வாங்கிடுங்க."

"இதுக்குள்ள ஒரு லெட்டர் இருக்குங்க. அத மட்டும்..."

"வச்சுட்டுப் போங்க. வாரக் கடைசில பாக்கறேன்."

சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவளுக்குப் புதுசு என்ற வார்த்தையே எட்டாக்கனி. மாத்திரைக்கே இழுபறி. வாரக் கடைசி வரை மூச்சு காத்திருக்குமா என்பதும் தெரியாது. பையை மறுபடியும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மூன்றாவது மாடி ஏறுவதற்குள் பெட்டியின் விளிம்பு தோளை அறுத்திருந்தது. அறைக்குள் வந்து தரையில் உட்கார்ந்தவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"போர்டு போயிடுச்சாம்ங்க."

திருப்புளி இரண்டு தரம் இமைத்தான். மறுபடியும் இரண்டு தரம். மறுபடியும்.

அவள் அழுகையை நிறுத்தினாள். "போகலையா?"

ஒரு நீண்ட மூடல்.

அவனுடைய கருவிப் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினாள். கதம்பத்தைக் கட்டிலுக்கு எதிரே முக்காலியில் படுக்கவைத்து மூடியைக் கழற்றினாள். அவனுக்கு உள்ளே தெரிய வேண்டுமே என்று, சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை எடுத்து மேலே சாய்த்துப் பிடிக்கும்படி நாத்தனாரிடம் கொடுத்தாள்.

"என்னடி இது கூத்து?" என்றாலும் நாத்தனார் வாங்கிக்கொண்டாள்.

அவள் ஒரு பென்சிலால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டுக் காட்டினாள். "இதுவா? இதுவா?" மெமரி பட்டையில் ஒரு நீண்ட மூடல். கழற்றி, பித்தளைப் பற்களை ரப்பரால் துடைத்து மாட்டினாள். அரைச் சுற்று. வட்ட பேட்டரியை எடுத்துப் போட்டாள். அரைச் சுற்று. திரைக்குப் போகும் அட்டையைப் பிடுங்கிப் பார்த்து மறுபடி செருகினாள், சிடி பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள். ஒவ்வொன்றையும் கழற்றிவிட்டு பட்டனை அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் விசிறி அதே அரைச் சுற்றில் செத்தது. மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. திருப்புளியின் மூச்சு மேலும் கீழும் இழுத்தது. நடுவில் இரண்டு முறை சளியை உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது.

கடைசியாக ஒரே ஒரு ஒயர் மிஞ்சியது. டிஸ்க்குக்குப் போவது. பென்சில் அதன்மேல் போனதும் அவன் இமையை மூடினான், திறக்கவே இல்லை.

"இதுலதானே லெட்டர் இருக்கு?" என்றாள். அவன் அப்படியே இருந்தான்.

பிடுங்கினாள். அழுத்தினாள். விசிறி சுற்றியது, நிற்கவில்லை, சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன: டிஸ்க் இல்லை.

"ஓடுது!" என்று நாத்தனார் கத்தினாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "ஏன்?"

"டிஸ்க்தான் போயிருக்கு அண்ணி. அவரு பேசறது, எழுதினது, எல்லாம் அதுலதான்."

போர்டு பிழைத்து என்ன பயன்? கூடு இருக்கிறது, குருவி இல்லை. அவள் சுவரில் சாய்ந்துவிட்டாள். இனி செய்ய ஒன்றும் இல்லை என்று தோன்றியது. நாலு மணிக்கு டாக்டர் வருவார், இரண்டு பெண்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள், யார் சத்தம் பெரிதோ அது முடிவாகும்.

"அவன் என்னமோ சொல்றான் பாரு" என்றாள் நாத்தனார்.

இமைகள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தன. அவள் பழைய எழுத்து அட்டையைத் தேடி எடுத்தாள். இயந்திரம் வருவதற்கு முன்னால் பயன்படுத்தியது. ஒரு வார்த்தைக்குள் அவன் இமைகள் களைத்துவிடும் என்பதால் மூலையில் கிடந்தது. வரிசை வரிசையாக விரலை வைத்துப் போனாள். கால் மணி நேரத்தில் மூன்று எழுத்துகள் சேர்ந்தன. டயோடு.

"அப்படின்னா?"

அவனுக்கு விளக்க முடியாது. அவளுக்குத் தெரியாது. வெளியூருக்குப் போய்விட்ட பழைய கடைக் கூட்டாளிக்குப் போன் செய்தாள். பெரிய வாய், தங்கமான மனசு. பங்காளி என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள். விவரம் கேட்டதும் அவர் சிரித்தார்.

"படுத்த படுக்கையா இருந்தும் கண்டுபுடிச்சுட்டான் பாத்தியாம்மா. டிஸ்க்கத் திருப்பு. பச்சைத் தகடு தெரியுதா? கரெண்டு ஒயரு மாட்டற இடத்துக்குப் பக்கத்துல கறுப்பா, அரிசி மாதிரி ரெண்டு இருக்கும்."

"இருக்கு."

"அதுதான் டயோடு. கரெண்டு மிஞ்சி வந்தா அது அடிவாங்கிச் செத்து மத்தத காப்பாத்தும். வாசல்ல விழுந்த பொணம் மாதிரி இப்ப வழிய மறிச்சுட்டுக் கெடக்கு. செத்தத எடுத்துட்டா வண்டி ஓடும். அவன் பெட்டில கரெண்டு பாக்கற மீட்டர் இருக்கும், வச்சுப் பாரு. எது ரெண்டு பக்கமும் கூவுதோ அதுதான். அத வெட்டி எடு."

"எதால அண்ணே வெட்டறது?"

"வீட்டுல நகவெட்டி இல்ல?"

"தப்பா வெட்டிட்டா?"

"தகட்டுல இருக்கற கோடு பிஞ்சா அப்புறம் ஆண்டவன் விட்ட வழிதான். பிழைச்சா மொதல்ல எல்லாத்தையும் வேற இடத்துக்குக் காப்பி பண்ணிரு. இன்னொரு அடி தாங்காது."

மீட்டரின் ஊசிகளை முதல் அரிசியில் வைத்தாள். மௌனம். இரண்டாவதில் வைத்தாள். கூவியது. ஊசிகளை மாற்றி வைத்தாள். மறுபடி கூவியது. திருப்புளியைப் பார்த்தாள்.

நீண்ட மூடல்.

மணி மூன்று. நாத்தனார் கண்ணாடியை வைத்துவிட்டு, கேட்காமலே செல்போன் வெளிச்சத்தைத் தகட்டின்மேல் அடித்தாள். இவள் கை அசையாமல் நின்றது. கொதிக்கிற இஸ்திரிப் பெட்டியைப் பட்டுத்துணிமேல் நகர்த்திப் பழகிய கை. நகவெட்டியின் வாயை அந்தக் கறுப்புப் புள்ளியின் ஓரத்தில் கொடுத்து, மூச்சைப் பிடித்து, கடித்தாள். விரிசல் விட்டது. இன்னொரு கடி. பொடிப்பொடியாக உதிர்ந்தது. கோடுகள் பிழைத்திருந்தன.

ஒயர்களை மாட்டினாள். பட்டன்மேல் விரலை வைத்தவள் அழுத்தாமல் நின்றாள்.

"அழுத்துடி" என்றாள் நாத்தனார்.

விசிறி சுற்றியது. டிஸ்க் ஒரு பெருமூச்சு மாதிரி இரைந்தது. திரையில் வழக்கமான படம் வந்தது. ஸ்விட்சை அவன் கட்டைவிரலுக்கு அடியில் வைத்தாள். எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. விரல் அழுத்தியது, காத்திருந்தது, அழுத்தியது. பிறகு அந்தத் தட்டையான குரல் அறைக்குள் கேட்டது.

"முதுகு அரிக்குது. காலைலேர்ந்து."

இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் அழுதார்கள். நாத்தனார்தான் முதலில் போய்த் தம்பியின் முதுகுக்கு அடியில் கையை விட்டாள். சொறிந்துகொண்டே, திரும்பிப் பார்க்காமல், "அவன் இமைய நீ சரியாத்தான் பாத்திருக்க" என்றாள்.

டாக்டர் சொன்ன நேரத்துக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திருப்புளி கடிதத்தைத் திறந்தான். குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தது.

"டாக்டர், குழாய் வையுங்கள். எனக்கு இன்னும் இருக்க ஆசை. ஆனால் என் கட்டைவிரல் அசையும் வரைதான். அது நின்ற பிறகு, என் பேச்சு நின்ற பிறகு, குழாயை எடுத்துவிடுங்கள். பேசாமல் உள்ளே அடைபட்டுக் கிடக்க எனக்குத் தைரியம் இல்லை. இது என் முடிவு. என் மனைவியோ அக்காவோ சொன்னது இல்லை. நாளைக்கு யாரும் அவர்கள்மேல் பழி போடக் கூடாது."

டாக்டர் இன்னொரு முறை ஓடவிடச் சொல்லிக் கேட்டார். மூன்று கேள்விகள் கேட்டார்; மூன்றுக்கும் திருப்புளி எழுதிப் பதில் சொன்னான். தாளில் குறித்துக்கொண்டு, நாளைக் காலை வண்டி வரும் என்றார். நாத்தனார் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அவரோடு படி இறங்கிப் போனாள்.

மனைவி தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். இந்த இரண்டு மாதத்தில் ஸ்விட்சை மூன்று முறை விரலுக்கு நெருக்கமாக நகர்த்தியவள் அவள்தான். அடுத்து நகர்த்த இடம் இல்லை. வருடமா, மாதமா, யாருக்குத் தெரியும்? பகல் பூராவும் முட்டி மோதி அவள் மீட்டுக் கொடுத்தது இதைச் சொல்வதற்குத்தானா?

"ஏங்க, எனக்காகக் கூடக் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள்.

எழுத்துகள் ஓடின. வெகுநேரம் பிடித்தது.

"பயமா இருக்கு" என்றது குரல்.

"எனக்குந்தாங்க" என்றாள்.

பங்காளி சொன்னது நினைவுக்கு வந்து எழுந்தாள். பென் டிரைவைச் செருகி, எல்லாவற்றையும் அதில் ஏற்றக் கொடுத்தாள். திரையில் பச்சைப் பட்டை எறும்பு மாதிரி நகர்ந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.