ஓடாதவன் பக்கம்

லண்டன் பிளேஸ்டோவில் உள்ள அந்த பிஸ்கட் தொழிற்சாலையில் கரண்ட் போனால் எல்லோரும் கூப்பிடுவது அனுசனைத்தான். அடுப்புப் பகுதி அவன் பொறுப்பு. அங்கே அடிக்கடி கரண்ட் போகும். அவன் பாய்ந்தோடிச் சரிசெய்வான், அங்கே வேலைசெய்யும் பெண்கள் கைதட்டுவார்கள். பொதி கட்டும் பகுதி பிரவீணனுடையது. குளிர்காலம் முழுக்க அங்கே ஒருநாளும் கரண்ட் போகவில்லை. அதனாலேயே பலருக்கு அவன் பெயர்கூடத் தெரியாது.

இருவரும் ஏஜென்சி அனுப்பிய தற்காலிக மின்பணியாளர்கள். நிரந்தர வேலையோ ஒன்றுதான். எந்தப் பகுதியின் மின்சாரத்தை எவ்வளவு நம்பலாம் என்று கணக்கெடுத்துவிட்டு மேற்பார்வையாளர் சண்முகராசா அந்த வேலைக்கு ஆளைச் சொல்வார்.

"அனுசன் கண்மூடித் திறக்கேக்குள்ள திருத்திறான். உன்ர பக்கம் எழுத ஒண்டுமில்லையேடா!"

"பழுதே வரேல்லை, அண்ணை."

"அது உன்ர அதிர்ஷ்டம்."

பிரவீணனுக்கு வயிறு எரிந்தது.

மத்தியானம் தன் பகுதியின் சுவிட்ச் பெட்டியை சூட்டைக் காட்டும் வெப்பக் கமராவால் பார்த்தபோது திரையில் ஒரு கேபிள் இணைப்பு வெள்ளையாகத் தகித்தது. நட்டு தளர்ந்திருந்தது. விட்டுவைத்தால் இரண்டொரு நாளில் கரண்ட் போகும். அனுசனைப் போல அவனும் ஓடலாம். அவனுக்கும் கைதட்டுவார்கள். பெட்டியை மூடிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான்.

பாதிக் கோப்பையில் எழுந்துவிட்டான். தீப்பற்றினால்? பக்கத்திலேயே அட்டைப்பெட்டிகள் குவிந்து கிடந்தன.

மெஷின்களை நிறுத்தச் சொல்லிக் கரண்டை வெட்டினான். நட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே அனுசன் ஓடிவந்தான்.

"தள்ளு மச்சான், நான் பாக்கிறன்."

"பழுதில்லை. நான்தான் நிப்பாட்டினனான்."

கரண்ட் வந்ததும் பெண்கள் அனுசனைப் பார்த்துக் கைதட்டினார்கள். அங்கே வந்த சண்முகராசாவும் அவன் முதுகில்தான் தட்டினார்.

"அண்ணை! அவன் சும்மா நிண்டவன்!"

பிரவீணன் கமராவை நீட்டினான். முறுக்குவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைச் சண்முகராசா மாறிமாறிப் பார்த்தார்.

"ஒவ்வொரு கிழமையும் இப்பிடிப் பாக்கிறனியோ?"

"ஓம்."

"அப்ப அனுசன்ர பக்கத்தையும் ஒருக்காப் பார். பிறகு ஆளைச் சொல்லுறன்."

"ஐயோ, அவனுக்கேன் கரைச்சல்? நான் சமாளிப்பன்," என்று அனுசன் சிரித்தான். சிரிப்பு முகத்தில் ஒட்டவில்லை.

பிரவீணன் ஏற்கெனவே அடுப்புப் பக்கம் நடந்துவிட்டான். கரண்டை வெட்டி, கமரா காட்டிக்கொடுத்த தளர்ந்த நட்டுகள் ஒவ்வொன்றையும் ஆசைஆசையாக முறுக்கினான். இனி அனுசன் ஓடுவதற்கு அங்கே ஒரு காரணமும் மிஞ்சக்கூடாது.