மூன்றாவது துண்டு

எனக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. ஆய்வகத்தில் எனக்குப் 'போலீஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அது எனக்குத் தெரியாது என்றும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நோயாளியின் உடம்பிலிருந்து கிள்ளி எடுத்த சதையை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது நல்லது, இது கெட்டது என்று சொல்கிற டாக்டர் நான். சந்தேகப்படத்தான் எனக்குச் சம்பளமே. வீட்டுக்குப் போனதும் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட முடியுமா என்ன?

அப்படிப்பட்ட என்னிடம் வந்து, உன் அண்ணனுக்கு வயிற்றில் புற்றுநோய், இரைப்பையையே எடுத்துவிட வேண்டும் என்றால் நான் சும்மா தலையாட்டிவிடுவேனா?

அண்ணனுக்கு இருந்தது வெறும் நெஞ்செரிச்சல். வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதற்கே அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எனக்கும்தான் அப்பப்போ வயிறு உப்புசமா இருக்கு. முதல்ல நான் போறேன், பின்னாடியே நீங்க வாங்க" என்று அண்ணி அவனைச் சின்னப் பிள்ளை மாதிரி கூட்டிக்கொண்டு போனாள். நாடகம் போடுகிறாள் என்றுதான் நினைத்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே எனக்கும் அவளுக்கும் ஒட்டாது. அவள் சிரித்துப் பேசினால், எதற்கு அடி போடுகிறாள் என்று எனக்குத் தோன்றும்.

இரண்டு பேருக்கும் கிள்ளி எடுத்தார்கள். அண்ணிக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அண்ணனுக்கு இடி விழுந்தது.

சொந்தக்காரர்களின் ஸ்லைடை நாமே பார்த்து முடிவு எழுதக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அதனால் அதைப் பெரியவர் பார்த்தார். பெரியவர் என்றால் எங்கள் துறைத் தலைவர். நான் போய் நின்றதும், "வா, உன் கண்ணாலயே பாரு" என்று நாற்காலியை விட்டு எழுந்தார்.

மூன்று துண்டுகள் இருந்தன. இரண்டில் செல்கள் ஒழுங்காக வரிசை கட்டி நின்றன. மூன்றாவதில் வரிசையும் இல்லை, ஒழுங்கும் இல்லை. ஒவ்வொரு செல்லும் உப்பிப்போய், உட்கரு ஒரு ஓரத்தில் நசுங்கிக் கிடந்தது. புற்றுநோய்தான்.

"ஒரே ஆளோட சதையில ரெண்டு துண்டு இவ்வளவு சுத்தமா, ஒண்ணு மட்டும் இப்படியா?" என்று கேட்டேன்.

"அப்படியும் இருக்கும். உனக்கே தெரியும்" என்றார். பிறகு கொஞ்சம் இரக்கத்தோடு, "தங்கச்சிப் பாசத்தை வெச்சுக்கிட்டு ஸ்லைடு பார்க்காதே" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் என்னை அதிகம் எரிச்சல்படுத்தியது. என் சந்தேகம் தொழிலிலிருந்து வருகிறதா, அண்ணன் மேலுள்ள ஆசையிலிருந்து வருகிறதா என்று எனக்கே பிடிபடவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணி என் வீட்டுக்கு வந்தாள். குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்காமல், "அவருக்கு உள்ள என்ன ஆயிருக்கு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றாள்.

வேறு வழியில்லாமல் சொன்னேன். "செல்லுங்கறது ஒரு வீடு மாதிரி அண்ணி. சுத்தி ஒரு சவ்வு, அதுதான் சுவரும் வாசலும். உள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு, அதுதான் அடுப்பு. உட்கருதான் வீட்டுக்குப் பெரியவங்க, எதை எப்போ செய்யணும்னு அங்கிருந்துதான் உத்தரவு போகும். வயித்துல இருக்கற சில செல்லுக்கு வழவழன்னு ஒரு சளியைச் செஞ்சு, பொட்டலம் கட்டி வெளிய அனுப்பறதுதான் வேலை. அந்தச் சளிதான் வயித்தை அமிலத்துலேர்ந்து காப்பாத்துது."

"சரி."

"இதுல உத்தரவு கெட்டுப்போச்சு. வீடும் கண்டபடி பெருகுது. சளியைச் செஞ்சுகிட்டே இருக்கு, வெளிய அனுப்பறதில்ல. வீடு முழுக்க மூட்டை. பெரியவங்களைச் சுவரோட சுவரா ஒதுக்கித் தள்ளிடுச்சு."

"பாவம், வீட்டுக்காரனுக்கே இடமில்லாம போச்சு" என்றாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. அதையும் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

மறுநாள் பெரியவருக்குத் தெரியாமல் அந்த ஸ்லைடை மறுபடி எடுத்தேன். இந்த முறை கெட்ட செல்களை விட்டுவிட்டு, அவற்றுக்கு நடுவே அகப்பட்டுக்கொண்ட சாதுவான செல்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். பல உட்கருக்களின் ஓரத்தில், சவ்வோடு ஒட்டினாற்போல, கருநீலமாக ஒரு புள்ளி இருந்தது.

பெண்ணின் செல்லில் எக்ஸ் குரோமோசோம் இரண்டு உண்டு. ஒன்று வேலை செய்யும். இன்னொன்று சுருண்டு இப்படி ஒரு மூலையில் உட்கார்ந்துவிடும். ஆணுக்கு இருப்பது ஒரே எக்ஸும் ஒரு ஒய்யும், அதனால் அந்தப் புள்ளிக்கு அங்கே வேலையே இல்லை. மற்ற இரண்டு துண்டுகளிலும் தேடிப் பார்த்தேன், அப்படி ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு புள்ளியை வைத்து ஒரு ஆபரேஷனை நிறுத்த முடியாது. குரோமோசோமுக்குத் தனியாகச் சாயமேற்றிப் பார்க்கிற பரிசோதனைக்கு அனுப்பினேன். புற்றுச் செல் எதை வேண்டுமானாலும் தொலைத்துவிடும், அதனால் சாதுவான செல்களையும் எண்ணச் சொன்னேன். பதில் வந்தது. அந்தத் துண்டு முழுக்க இரண்டு எக்ஸ், ஒய் கிடையாது. அதைக் காட்டியதும் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் சர்ஜன்கிட்ட பேசறேன். இது யாரோடதுன்னு நீ கண்டுபிடி" என்றார்.

சந்தேகப்பட எனக்கு ஆள் தயாராக இருந்தான். சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாக வெட்டி, தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்துகிற டெக்னீஷியன். 'சீவல்' என்று கூப்பிடுவோம். ஒருத்தருடைய துணுக்கு தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருந்து அடுத்தவர் கண்ணாடியில் ஏறிக்கொள்வது எங்கள் தொழிலின் பழைய வியாதி.

"தண்ணி மாத்தினியா இல்லையா?" என்று ஏறிக்கொண்டு போனேன்.

சீவலுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மேடம், திட்டறதுக்கு முன்னாடி கட்டையைப் பாருங்க" என்று அண்ணனின் மெழுகுக் கட்டையை எடுத்து, புதுத் தண்ணீரில், என் கண் முன்னாலேயே ஆழமாக வெட்டினான். மூன்றாவது துண்டு மெழுகுக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. தண்ணீரில் ஒட்டியதென்றால் உள்ளே இருக்காது. அது குழாய் விட்ட இடத்திலிருந்து சதை போட்டு அனுப்பிய பாட்டிலிலேயே வந்திருக்கிறது. சீவலிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆய்வகமே வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

குழாய் விடுகிற அறைக்குப் போனேன். அங்கிருந்த சிஸ்டர் முதலில் பிடிகொடுக்கவில்லை. பிறகு கிள்ளுகிற இடுக்கியை எடுத்துக் காட்டினாள். நுனியில் அரிசி அளவுக்கு ஒரு வாய்.

"அன்னைக்கு இது ஒண்ணுதான் மேடம் இருந்துச்சு. கழுவித்தான் போட்டோம். ஆனா கூட்டம். உள்ள துணுக்கு ஒட்டியிருந்தா கண்ணுக்குத் தெரியாது."

"எங்க அண்ணனுக்கு முன்னாடி யாருக்கு விட்டீங்க?"

சிஸ்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "உங்க அண்ணிக்குத்தான் மேடம். அவங்கதானே முதல்ல நான் போறேன்னாங்க."

சீவலுக்குப் போன் செய்தேன். அண்ணி பாட்டிலில் என்ன வந்தது என்று கேட்டேன். "ஒண்ணுமே இல்ல மேடம், வெறும் சளி. சதை வரலைன்னு அப்பவே சொல்லிட்டோமே" என்றான். சதை வரவில்லை என்பதைக் குழாய் விட்ட டாக்டர் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் விஷயத்தில் மூழ்கிக் கிடந்த நாங்கள் யாரும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்ணன் வீட்டுக்கு நான் போனபோது அவன் முடிவெட்டிக்கொள்ளப் போயிருந்தான். அண்ணி கட்டிலில் பையை விரித்துவைத்து, ஆஸ்பத்திரிக்கு அவன் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். நல்ல சேதியைத்தான் முதலில் சொன்னேன். அந்தத் துண்டு அவனுடையதில்லை, ஒரு பெண்ணுடையது, ஆபரேஷன் கிடையாது என்றேன்.

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து, அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை அது. பிறகு எழுந்து, பையிலிருந்து சட்டைகளை எடுக்க ஆரம்பித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"அப்போ அந்தப் பொண்ணு?"

"எந்தப் பொண்ணு அண்ணி?"

"அந்த வீட்டுக்காரி. தனக்கு ஒண்ணுமில்லன்னு நினைச்சுகிட்டு எங்கயோ வேலை பார்த்துகிட்டு இருப்பா. அவளைத் தேடிச் சொல்லிடு. உன்னை விட்டா யாரு தேடுவா?"

என் சந்தேகம் இந்த ஒரு தடவை பொய்யாகிவிடக் கூடாதா என்று இருந்தது.

"அண்ணனோட சட்டையை எடுத்துடுங்க அண்ணி" என்றேன். "பை இருக்கட்டும்."

அவள் பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் கையிலிருந்த சட்டையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கையை நான் அதுவரை பிடித்ததே இல்லை.

"சின்னதாத்தான் இருக்கும் அண்ணி. சீக்கிரமே தெரிஞ்சுபோச்சு. உறுதி பண்ண நாளைக்கு மறுபடி குழாய் விடணும்."

"தனியாவா?" என்றாள். குரலில் அன்றைக்கு அண்ணனிடம் இருந்த அதே பயம்.

"இல்ல. எனக்கும் ரொம்ப நாளா நெஞ்செரிச்சல். முதல்ல நான் போறேன்" என்றேன். "பின்னாடியே நீங்க வாங்க. இடுக்கி மட்டும் ஆளுக்கு ஒண்ணு."