துணைக்கு ஒரு ஆள்

...இல்லை, இவளுக்கு என்னைத் தெரியவில்லை, இருபத்தைந்து வயது இருக்குமா இந்த நர்சுக்கு, நான் டிவியில் செய்தி வாசிப்பதை விட்டபோது தவழ்ந்துகொண்டிருப்பாள், சரி, மன்னிக்கலாம், ஆனால் குரல்? இந்தக் குரலைக் கேட்டுமா தலை நிமிரவில்லை... "கூட யார் வந்திருக்காங்க சார்?" என்றாள். யாருமில்லை என்றேன், கொஞ்சம் கம்பீரமாகவே. "துணைக்கு ஆள் இல்லாம கண் ஆபரேஷன் பண்ண மாட்டோம் சார். பதினோரு மணிக்குள்ள யாரையாவது வரச் சொல்லுங்க, இல்லைன்னா அடுத்த மாசம்தான்." அடுத்த மாதமா! சவரம் செய்யும்போது என் முகமே எனக்கு மங்கலாகத் தெரிகிறது, எழுபத்தொரு வருடமாகச் சலிக்காமல் பார்க்கும் ஒரே முகம்... போனில் எண்ணூறு பெயர்கள், யாரைக் கூப்பிடுவது? மேக்கப்காரர் செத்துப்போனார், மனைவி போய்ப் பதினாறு வருடம், சாகவில்லை, போய்விட்டாள், பிறந்தநாள் தவறாமல் வாழ்த்து அனுப்பும் அந்த வங்கிக்காரர்... அவர் முன்னால் கண்ணில் கட்டோடா, கூடவே கூடாது. ஊரெல்லாம் உறவு, ஒரு வாய்ச் சோறில்லை என்பது இதுதானா?

கடைசியில் தங்கைதான். ரத்த அழுத்தம் எவ்வளவு, என் கண் அபூர்வமானது என்று டாக்டர் சொன்னது, நர்சின் அறியாமை, எல்லாவற்றையும் தலைப்புச் செய்தி முதல் வானிலை வரை முறையாகச் சொல்லி முடித்து, வணக்கம் மட்டும்தான் பாக்கி, போனை வைத்துவிட்டேன். உடனே திரும்பக் கூப்பிட்டாள். "எந்த ஆஸ்பத்திரின்னே சொல்லலியேண்ணா." அட! இருபத்திரண்டு வருடம் கேமராவிடம் பேசியவன் நான், அது ஒருநாளும் எதிர்க்கேள்வி கேட்டதில்லை. இடத்தைச் சொன்னேன். "வர்றேன். சொட்டு மருந்து விட்டா எரியும், பயப்படாத, கொஞ்ச நேரத்துல சரியாயிடும்." உனக்கெப்படித் தெரியும் என்றேன். "எனக்குப் போன வருஷமே ரெண்டு கண்ணும் பண்ணியாச்சே." என்னிடம் சொல்லவேயில்லையே! "சொன்னேண்ணா. நீ உன் பாராட்டு விழாவைப் பத்திப் பேசிட்டிருந்தியா, அப்படியே போயிடுச்சு." கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அவளோ சிரித்துக்கொண்டே சொன்னாள், எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

அவள் வர இன்னும் அரைமணி நேரம். அவளுக்கு யார் துணைக்குப் போயிருப்பார்கள்? கணவன் இல்லை, மகள் வெளிநாட்டில்... மகள்தானே, மகனா? வேடிக்கையாக இருக்கிறது, தங்கையைப் பற்றி எனக்கு ஒரு கேள்வி வந்திருக்கிறது, எத்தனை வருடத்துக்கு அப்புறம், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும்போல... வந்ததும் கேட்டுவிட வேண்டும், குரலைக் கொஞ்சம் இறக்கி, "அன்னிக்கு உனக்குத் துணைக்கு யாரும்மா வந்தா?", இல்லை, 'யாரும்மா'வுக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம் வேண்டும், அவளுக்குக் கண் கலங்கும், நான் கையைப் பிடித்துக்கொள்வேன், அந்த நர்சுகூடப் பார்ப்பாள்... சே. கேள்வி அவளைப் பற்றியதுதானே, அதற்குள் நான் எப்போது வந்து உட்கார்ந்தேன்?