பின்னால் போகிறவர்

மருத்துவமனைக்கு நோயாளிகள் வருவது, காத்திருப்பது, டாக்டரைப் பார்ப்பது, கிளம்புவது எல்லாவற்றையும் கணினியில் ஓட்டிப் பார்க்கும் மாடல்களைச் செய்வது எங்கள் வேலை. ஒரு மாடலில் எது நடக்கலாம், எது நடக்கக்கூடாது என்று விதிக்கும் மெட்டா மாடல் ஒன்று உண்டு. அதை எழுதியவன் நான். விதி மீறிய மாடலை அது ஓடவே விடாது.

கூட வேலை பார்க்கும் பெண்ணின் மாடலை அன்று அது நிறுத்திவிட்டது. வரிசையில் ஒருவர் முன்னால் வராமல் பின்னால் போய்க்கொண்டே இருந்தார்.

"வரிசையில யாராவது பின்னால போவாங்களா? கண்ணை மூடிட்டு வேலை பாக்கறியா?" என்று எரிந்து விழுந்தேன்.

"நேர்ல பாத்துத்தான் சார் எழுதினேன். நீங்களே போய்ப் பாருங்க."

வீம்புக்காகவே அந்த மருத்துவமனைக்குப் போனேன். தன் முறை வந்ததும் ஒரு அம்மா, "நீங்க போங்க" என்று அடுத்தவரை அனுப்பிவிட்டு, கடைசியில் வந்து நின்றவரிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். ஏன் என்று கேட்டேன்.

"உள்ள போனா ரெண்டு நிமிஷத்துல பிரஷர் பாத்து அனுப்பிடுவாங்க தம்பி. அப்புறம் வீட்டுக்குத்தானே போகணும்."

"விதியை மாத்திடலாமா சார்?" என்றாள் அவள், நான் திரும்பி வந்ததும்.

நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். "ஒரு ஆளுக்காகவா? அவங்களை எடுத்துட்டு ஓட்டு."

மாடல் அழகாக ஓடியது.

மாலையில் வீட்டுக்குப் போகும் வழியில் இருந்த கடையில் ஒற்றை ஆளுக்கான சின்ன பிரெட் எடுத்தேன். ஒரு கவுண்டர் காலியாக இருந்தது. "இங்க வாங்க சார்" என்று அங்கிருந்து கூப்பிட்டார்கள்.

காதில் விழாததுபோல், நீண்ட வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.