காஜா இல்லாத காலம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அந்தக் கோட்டை நாவிதர் மேல் ஒரு கிறுக்கு. நாவிதர் நிஜ மனுஷர் இல்லை, கதையில் வருபவர். எழுநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மலைக்கோட்டையில் பாகத்துக்கு ஒரு கொலை விழும். தளபதியானாலும் திருடனானாலும் நாவிதர் முன்னால் கழுத்தை நீட்டித்தானே ஆகவேண்டும்? கத்தியைத் தீட்டியபடியே ஒவ்வொருத்தர் வாயிலிருந்தும் விஷயத்தைக் கறந்து, கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். பதினொரு பாகம் வந்தாயிற்று. பன்னிரண்டுதான் கடைசி என்று அட்டையிலேயே போட்டுவிட்டார்கள்.

மெக்கானிக்குக்கு அந்தக் காலமே பிடித்திருந்தது. அங்கே போன் இல்லை, கரண்ட் இல்லை, முக்கியமாக லிஃப்ட் இல்லை. நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்கள். எல்லாரும் ஒழுங்காகப் படியேறுவார்கள், மேலே போய்ச் சாவார்கள். புத்தகம் பாதி தாண்டுவதற்குள் கொலைகாரன் யாரென்று சொல்லிவிடுவார் மெக்கானிக். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. லிஃப்டுக்குள் எங்கே உரசுகிறது என்று காதை வைத்தே சொல்கிற ஆளுக்குக் கதைக்குள் எங்கே உரசுகிறது என்று தெரியாதா? அதேசமயம் மனசு இளகினவர். ஏழாம் பாகத்தில் நாவிதரின் கழுதை செத்தபோது தேம்பித் தேம்பி அழுது, மறுநாள் வேலைக்கே லீவு போட்டார்.

பன்னிரண்டாம் பாகம் கைக்கு வந்த வாரத்தில் கண் காலை வாரிவிட்டது. விழித்திரையில் ஆபரேஷன் செய்து கட்டுப் போட்டார்கள். இன்னொரு கண்ணையும் சிரமப்படுத்தக் கூடாதாம், எழுத்துப் பக்கமே போகக் கூடாதாம். மேசையில் புத்தகம், நாற்காலியில் இவர். பார்க்கச் சகிக்காமல் மனைவியே படித்துக் காட்ட முன்வந்தாள்.

அவள் தையல்காரி. முன்னறையில் மெஷின், சுற்றிலும் வெட்டின துணி. கதைப்புத்தகம் என்றால் காத தூரம் ஓடுவாள். தப்பித்தவறிக் கையில் எடுத்தால் முதலில் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பாள், அப்புறம் மூடி வைத்துவிடுவாள். அவளைப் பொறுத்தவரை படித்தாயிற்று.

"கடைசிப் பக்கத்தப் பாத்துடாத, ஆமா," என்றார் மெக்கானிக்.

"எனக்கு வேற வேல இல்ல பாருங்க," என்றாள்.

முதல் சில அத்தியாயம் அமோகமாகப் போயிற்று. கோட்டைக் கிணற்றில் தானியக் கிடங்குக்காரர் பிணமாக மிதக்கிறார், வெற்றுடம்பாக. ஒரு கன்னம் மழித்திருக்கிறது, மறு கன்னத்தில் தாடி அப்படியே. நாவிதர் அன்றைக்கு அவர் பக்கமே போகவில்லை. பின்னே மழித்தது யார்? மெக்கானிக்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்பதும் ஒரு சுகமாகத்தான் இருந்தது. தீவட்டியின் எண்ணெய் நாற்றம்கூட மூக்கில் ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் டாக்டரிடம் மறுபடி காட்டப் போனார்கள். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் பழைய பாட்டையே பாடினார். மனைவி திடீரென்று கேட்டாள்: "அழலாமா டாக்டர்?"

டாக்டர் இவளைப் பார்த்தார், கட்டுப் போட்ட மெக்கானிக்கைப் பார்த்தார். "எதுக்கும்மா அழணும்? அழாம இருந்தா கண்ணுக்கு நல்லதுதான்."

வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்திருப்பார், பாவம். மெக்கானிக்குக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

அதற்கப்புறம் கதை தறிகெட்டுப் போயிற்று. மழித்த கன்னத்தைப் பற்றி எவரும் மூச்சுவிடவில்லை. அதுவரை பேச்சிலேயே அடிபடாத தளபதி ஒருவர் வந்து, எல்லாரிடமும் எரிந்து விழுந்தார். ஒரு சாயங்காலம் மனைவி படித்தாள்: "நாவிதர் பிணத்தின் சட்டையை உற்றுப் பார்த்தார். பொத்தான் அறுந்திருந்தது. காஜா கோணலாக எடுத்திருந்தது."

"நிறுத்து, நிறுத்து," என்றார் மெக்கானிக். "காஜாவா?"

"காஜாதான். பொத்தான் மாட்டற ஓட்ட."

"எனக்குத் தெரியாதா? அந்தக் காலத்துல ஏது காஜா? இவங்க நாடா வெச்சுத்தான முடிவாங்க? பதினோரு பாகமா முடிஞ்சாங்களே!"

"என்னைக் கேட்டா? எழுதினவரப் போய்க் கேளுங்க."

"அது போகட்டும். வெறும் உடம்பாத்தான மெதந்துது? சட்ட எப்படி வந்துது?"

"யாராவது போட்டு விட்டிருப்பாங்க. குளிர் காலமில்லையா."

மெக்கானிக்குக்கு மண்டை காய்ந்தது. பிணத்துக்குக் குளிருமா? படுத்தாலும் காஜா, எழுந்தாலும் காஜா. தளபதியைச் சந்தேகப்பட்டால் கிடங்கு இடிக்கிறது, கிடங்கைப் பிடித்தால் கிணறு இடிக்கிறது. தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கடைசியில் கொலைகாரர் அந்தத் தளபதிதான் என்று முடிந்தது. பழைய சட்டை அளவுக்கே புதுச் சட்டை தைக்கச் சொல்லிவிட்டு, அப்புறம் இறுக்குகிறது என்று சண்டைக்கு வருகிறவராம் அவர். அந்த ஆத்திரத்தில் கொலையாம். நாவிதர் புதுசாக ஒரு கழுதை வாங்கி, அதன் மேல் ஏறி மலையிறங்கிப் போய்விட்டார். சுபம்.

இதில் எதையுமே அவரால் முன்கூட்டி ஊகிக்க முடியவில்லை. முதல் முறையாகத் தோற்றுப்போயிருந்தார்.

மறுநாள் அவள் துணி வாங்கப் போயிருந்தபோது, சகலைக்குப் போன் போட்டார். அவளுடைய தங்கை புருஷன், இந்த நாவிதர் விஷயத்தில் இவருக்குச் சரியான போட்டி.

"பன்னெண்டு முடிச்சாச்சா சகலை?" என்றார் சகலை. "கடைசியில பாத்தீங்களா..."

"முடிவு கெடக்கட்டும். அந்தக் காஜா விஷயம் எப்படி? எனக்கு ஒத்து வரல."

"காஜாவா? அப்படி யாரும் வரலையே."

"ஆள் இல்லப்பா. பொத்தான் காஜா. பொணத்தோட சட்டையில."

"பொணத்துக்கு ஏது சட்ட? அரைக் கன்னம் மழிச்சிருந்துதே, அதான துப்பே." சகலையின் குரல் தணிந்தது. "ஒடம்பு நல்லா இருக்கில்ல? மாத்திர ஏதாவது தலைக்கு ஏறுதா?"

மெக்கானிக் போனை வைத்தார். புத்தகத்தில் இல்லாத ஒன்று தன் காதில் விழுந்திருக்கிறது. அப்படியென்றால் போனது கண் மட்டுமில்லை. அவருக்குப் பயம் வந்தது, நல்ல பயம். ஜனங்கள் தொங்குகிற பெட்டியின் கயிறு அவர் கையில். தேயாத கயிறு தேய்ந்ததாகத் தெரிந்தால்கூடச் சமாளிக்கலாம். தேய்ந்தது தேயாததாகத் தெரிந்தால்? கட்டுப் பிரித்ததும் கம்பெனிக்குப் போய், இனி வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். மனைவியிடம் வாய் திறக்கவில்லை. அவள் தாங்கமாட்டாள் என்று இவருக்கு நினைப்பு.

கட்டுப் பிரித்தார்கள். இனி தாராளமாகப் படிக்கலாம், வேலைக்கும் போகலாம் என்று டாக்டர் கைகுலுக்கினார். மெக்கானிக்குக்குச் சந்தோஷமே இல்லை. வீட்டுக்கு வந்ததும் பன்னிரண்டாம் பாகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். முன்னறையில் மெஷின் சத்தம் நின்று நின்று கேட்டது.

சட்டையைத் தேடினார். சட்டை இல்லை. காஜா இல்லை. தளபதியும் இல்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார்.

கடைசிப் பக்கத்தில் நாவிதர் செத்துக்கொண்டிருந்தார். கொலைகாரன் தண்ணீரில் விஷம் கலந்து கொடுத்துவிட்டான். கத்தியைத் துடைத்து உறையில் போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார் நாவிதர். பக்கத்தின் மேல் மூலை மடங்கியிருந்தது. அங்கே ஒரு சுண்ணக்கட்டித் தடம், துணியில் கோடு போடுகிற நீலச் சுண்ணக்கட்டி.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தளபதி வந்த நாளிலிருந்து பக்கம் புரளும் சத்தத்தையே அவர் கேட்கவில்லை. காதாலேயே பழுது கண்டுபிடிக்கிற ஆள், இதைப் போய்க் கோட்டை விட்டிருக்கிறார்.

முன்னறைக்கு வந்தார். அவள் தலை நிமிரவில்லை.

"படிச்சாச்சா?"

"ம்."

"நான் என்ன பண்ணட்டும்? ஒரு கழுதைக்கே அந்த அழுகை அழுத ஆளு நீங்க. அழுதா தையல் பிரிஞ்சிடுமோன்னு..."

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நெனச்சேன்டி. வேலைய விட்டுடலாம்னு இருந்தேன்."

மெஷின் நின்றது. அவள் முகம் வெளுத்துப்போயிற்று. "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ சொன்னியா?"

அவருக்குக் கோபம் வந்தது, கூடவே நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அவர் நன்றாகத்தான் இருக்கிறார். கதையில் உரசினது நிஜமாகவே உரசியிருக்கிறது.

"அழுதீங்களா?" என்றாள் மெதுவாக.

"இல்ல. அவர்தான் கழுதையேறிப் போயிட்டாரே. இதுல சாவறது யாரோ." வெட்டின துணியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். "போனாரே, எங்க போனாரு?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கீழ ஊர்ல ஒரு தையல்காரி இருந்தா. அவ புருஷனுக்குக் கண்ணுல கட்டு. தாடி வளந்து கெடந்துது. இவர் போய் மழிச்சு விட்டாரு. ரெண்டு கன்னமும்."

மெக்கானிக் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டு அவள் திரும்பினாள்.

"ஐயோ, அழலாம்னு டாக்டர் சொன்னாரா? கட்டுப் பிரிச்சப்ப அதக் கேக்க மறந்துட்டேனே!"