மேசை விளிம்பில் ஒரு காசு

"அண்ணே, நிறுத்துங்க! இங்கேயே நிறுத்துங்க!"

கார் நிற்பதற்கு முன்பே முரளிதரன் கதவைத் திறந்துவிட்டான். பின்னால் வந்த பேருந்து அலறியது. அவன் காதில் விழவில்லை. இலாவாரா ரோட்டின் எதிர்ப்பக்கம், வியட்நாமியர் ரொட்டிக் கடை வாசலில் அவன் மனைவி கிரிஜா போய்க்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரி லேபில் மாலை ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டுப் போனவள்!

தனியாகவும் இல்லை. பக்கத்தில் செம்பட்டைத் தலையோடு ஒரு நெட்டையன். தோளில் நீளமாக, ஒல்லியாக ஒரு கறுப்புப் பெட்டி. அவன் ஏதோ சொல்ல, கிரிஜா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

முரளிதரன் கார்க் கதவை ஓங்கி அறைந்து சாத்தினான். அந்தச் சிரிப்பைக் கடைசியாக எப்போது பார்த்தான்? அதைவிட மோசம், அவள் போட்டிருந்த கடுகு நிறக் குர்தா. தீபாவளிக்கு அவன் வாங்கிக் கொடுத்தது. 'நல்ல இடத்துக்குப் போட்டுக்கறேன்' என்று அலமாரியில் மடித்து வைத்தாளே, அந்த நல்ல இடம் இதுதானா?

"கிரிஜா!"

தலைக்கு மேல் ஒரு விமானம் கூரைகளை உரசுவதுபோல் இறங்கியது. விமான நிலையத்தை ஒட்டிய மாரிக்வில்லில் நின்று யாரையும் கூப்பிட முடியாது. இரைச்சல் ஓய்ந்தபோது இருவரும் ஒரு சந்துக்குள் மறைந்திருந்தார்கள்.

காரை ஓரங்கட்டிவிட்டு மூச்சிரைக்க வந்தார் அருந்தவன். ஒரே அலுவலகம், யாழ்ப்பாணத்துக்காரர், அவனைவிட மூத்தவர். வேலை முடிந்து அவர் காரில்தான் முரளிதரன் வீடு திரும்புவான்.

"என்ன ஐசே, நடுரோட்டிலை குதிக்கிறீர்? சாகப் போறீரோ?"

"என் ஒய்ஃப் அண்ணே. கூட ஒருத்தன் போறான். டேமியன்."

"பேரும் தெரியுமோ?"

"போன வாரம் அவ போன்ல மெசேஜ் வந்துச்சு. 'வியாழன், வழக்கம்போல பப்புல. நீ இல்லாம முடியாது. டேமியன்.' இன்னிக்கு வியாழன்."

"எந்தப் பப் எண்டு போடேல்லையோ?"

"போடலை."

அருந்தவன் தாடையைச் சொறிந்தார். "இந்தப் பக்கத்திலை மூண்டு இருக்கு. நடவும். எனக்கும் தாகமாத்தான் கிடக்கு."

மூலையில் இருந்த முதல் பப்பின் பச்சை ஓடு பதித்த சுவரும் பழைய பெயர்ப்பலகையும் அப்படியே இருந்தன. முரளிதரன் கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தான். உள்ளே வரிசையாகத் தபால் பெட்டிகள். ஒரு லிஃப்ட். நாய்க்குட்டியோடு வெளியே வந்த பெண், "யார் வீட்டுக்கு?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

"முகப்பை மட்டும் விட்டிட்டு முழுக்க ஃபிளாட் ஆக்கிப் போட்டாங்கள்," என்று பெருமூச்சு விட்டார் அருந்தவன். "போன வருசம் இஞ்சை இருந்துதான் குடிச்சனான். என்ரை கதிரை கிடந்த இடம் இப்ப ஆரின்ரை படுக்கையறையோ!"

படுக்கையறை! அந்தச் சொல் முரளிதரனைச் சுட்டது. ஓட்டமும் நடையுமாக அடுத்த தெருவுக்குப் போனான்.

இரண்டாவது பப்பில் கூரையிலிருந்து செடிகள் தொங்கின. மேசைக்கு மேசை மெழுகுவத்தி, மேசைக்கு மேசை ஜோடி. ஒவ்வொரு ஜோடியாக உற்றுப் பார்த்தான். பார்த்த ஆண்கள் எல்லோரும் செம்பட்டையாகவே தெரிந்தார்கள்.

மீசையை முறுக்கி விட்டிருந்த இளைஞன் ஒருவன், "புக்கிங் இருக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். முரளிதரன் போனில் கிரிஜாவின் படத்தைக் காட்டினான்.

"ஓ, ஜிஜி!"

ஜிஜியா? கட்டின புருஷன்கூட வைக்காத செல்லப் பெயர்!

"முன்னெல்லாம் டேமியனோட இங்கேதான் வருவா. நாங்க இடத்தைப் புதுப்பிச்சப்புறம் அவங்களுக்கு இங்கே வேலையில்லாம போச்சு. ரயில் பாலத்துக்கிட்ட இருக்கிற பழைய பப்புல பாருங்க. நீங்க அவளோட ரசிகரா?"

முரளிதரன் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"ரசிகரோ எண்டு கேக்கிறான்," அருந்தவன் சிரிப்பை விழுங்கினார். "என்ரை மனிசிக்கும் இப்பிடி நாலு பேர் இருந்தால் நான் நிம்மதியா நித்திரை கொள்ளுவன்."

"அண்ணே, ப்ளீஸ்!"

மூன்றாவது பப்பில் இன்னும் யாரும் கை வைக்கவில்லை. செருப்பு ஒட்டிக்கொள்ளும் கம்பளம், சுற்றாத மின்விசிறி, குதிரைப் பந்தயம் ஓடும் டிவி. சன்னலில் 'விற்பனைக்கு' என்ற பலகை மட்டும் புத்தம் புதிது.

பின்கட்டில் கைதட்டல் கேட்டது. முரளிதரன் ஒரு தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

நடுவில், குச்சியால் பந்துகளைக் குழியில் தள்ளி ஆடும் பூல் மேசை. சுற்றிலும் கூட்டம். கறுப்புப் பெட்டி திறந்து கிடந்தது. அதிலிருந்து வந்த குச்சியை ஊன்றிக்கொண்டு டேமியன் நின்றான். எதிரே கிரிஜா, கையில் இன்னொரு குச்சி. "அழகு!" என்று அவன் உள்ளங்கையை உயர்த்த, அவள் எட்டி அதில் ஓங்கித் தட்டினாள்.

"விளையாட்டுத்தானே, ஐசே. வாரும், வீட்டை போவம்."

"விளையாட்டா? கையைத் தொடறான் அண்ணே!"

அடுத்து ஆட விரும்புகிறவர் மேசை விளிம்பில் ஒரு காசு வைக்க வேண்டும். ஜெயித்தவர் மேசையை விட்டு நகர மாட்டார். காசு வைத்தவர் அவரோடு மோதுவார். ஆபீஸ் பார்ட்டிகளில் முரளிதரன் பார்த்த வழக்கம்தான். சட்டைப் பையைத் துழாவினான்.

"இதைக் கொண்டுபோய் வைங்க. அந்த நெட்டையனை இத்தனை பேர் முன்னால மண்ணைக் கவ்வ வைக்கிறேன். அப்புறம் கிரிஜாவே முடிவு பண்ணட்டும், யாரோட வீட்டுக்கு வர்றதுன்னு."

"உமக்கு உது விளையாடத் தெரியுமோ?"

"குச்சிதான் புதுசு. கை கேரம் கை. ஞாயித்துக்கிழமை தவறாம கிரிஜாவோட ஆடறேன். கேரமுக்குப் பேர் போன ராயபுரத்துக்காரின்னு பேருதான். கல்யாணமான புதுசுல குருட்டாம்போக்குல ஒண்ணு ஜெயிச்சா. அதுக்கப்புறம் ஒரு ஆட்டம் கூட இல்லை. கடைசிக் காய் ஒரு நூல்ல தப்பிடும். எப்பவும்!"

"எப்பவுமோ?" அருந்தவன் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஓ... சரி, தாரும்."

அவர் ஒரு பியரை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் காசை விளிம்பில் வைத்தார். கிரிஜாவுக்குக் கறுப்புப் பந்து மட்டும் பாக்கி; அது விழுந்தால் வெற்றி. அதற்கும் குழிக்கும் குறுக்கே டேமியனின் பந்து. கிரிஜா மேசையை ஒருமுறை சுற்றி வந்தாள். குனிந்தாள். அடித்தாள். வெள்ளைப் பந்து எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்து கறுப்பைத் தட்ட, கறுப்பு மூலைக் குழிக்குள் இறங்கியது.

கூட்டம் கத்தியது. தோற்றுப்போன டேமியன் இரண்டு கைகளையும் தூக்கிச் சிரித்தான். அவள் முன்னால் இடுப்பை வளைத்து வணங்கினான்.

முரளிதரன் உறைந்து நின்றான். சட்டத்தில் மோதித் திரும்பும் அந்த அடி! ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வரவே வராத அடி.

"அடுத்த காசு யாருது?" என்று டேமியன் கூவினான். அருந்தவன் பியர் கோப்பையைத் தூணின் பக்கம் நீட்டினார்.

கிரிஜா திரும்பினாள். முகம் வெளுத்தது. ஆனால் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"இதான் உன் ஆஸ்பத்திரியா?"

"பொய்தாங்க. வியாழக்கிழமை டீம் மேட்ச், அதுக்கு முன்னால இப்படி எங்களுக்குள்ள ஒரு ஆட்டம். பூல் மேசையை இன்னும் தூக்காத பப்பா பார்த்துப் போறோம்."

"இவன் யாரு?"

"எங்க கேப்டன்."

"அவ்வளவுதானா? அப்படிச் சிரிக்கிற அவன்கிட்ட! என்கிட்ட இல்லாதது அவன்கிட்ட என்ன இருக்கு?"

கிரிஜா குச்சியின் நுனியில் நீலச் சுண்ணக்கட்டியை மெதுவாகத் தேய்த்தாள்.

"அவன் என்கிட்ட தோக்கறான். தோத்துட்டுச் சிரிக்கிறான். இப்பப் பார்த்தீங்கல்ல?"

"இதைச் சொல்லிட்டே வந்திருக்கலாமே. நான் என்ன வேணாம்னா சொல்லப் போறேன்?"

அவள் தயங்கினாள். அருந்தவன் நாகரிகமாகப் பார்வையைத் தன் பியருக்குள் இறக்கிக்கொண்டார்.

"கல்யாணமாகி முதல் ஞாயிறு, மாம்பலத்துல உங்க வீட்டுல கேரம் ஆடினோமே. நான் சிவப்பைப் போட்டு ஃபாலோவும் போட்டேன். உங்க தம்பி கை தட்டினார். நீங்க போர்டைத் தூக்கிச் சுவத்துல சாத்திட்டுப் போனீங்க. அடுத்த ஞாயிறு வரைக்கும் என்கூட ஒரு வார்த்தை பேசலை."

"அது... அன்னிக்கு ஏதோ..."

"பந்தை அடுக்குங்க. காசு வெச்சவர்தான் அடுக்கணும்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முரளிதரன் பந்துகளை முக்கோணச் சட்டத்துக்குள் சேர்த்தான். ஒன்று நழுவி உருண்டது. கிரிஜா அதைப் பிடித்து, உள்ளே வைத்தாள். பிறகு குர்தாவின் கையை மடித்துவிட்டுக்கொண்டு மேசைமேல் குனிந்தாள். அவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள்:

"'ஒரு நூல்ல போச்சே'ன்னு ஒவ்வொரு ஞாயிறும் என்னைப் பார்த்துச் சிரிப்பீங்கல்ல? அந்த ஒரு நூல் தள்ளி அடிக்கிறது இருக்கே, அதுதாங்க ஜெயிக்கிறதைவிடக் கஷ்டம்."