பாதி ஆடு

1

இந்தக் கதை என் அக்காவின் ஃப்ரீசரில் பிறந்தது. கடைக் கறி எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை, இனி நேராகப் பண்ணையில்தான் வாங்குவது என்று அவள் முடிவெடுத்து, உள்ளே இருந்த பட்டாணிப் பாக்கெட்டுகளை வெளியேற்றினாள். அப்படியும் பாதி ஆட்டுக்குத்தான் இடம் வந்தது.

"மீதிப் பாதி உனக்குடா," என்றாள்.

நான் தனியாகக் குடியிருக்கும் தம்பி. என் ஃப்ரீசரில் ஐஸ் மட்டும்தான் இருக்கும். சரி என்றேன்.

2

முதல் தொடக்கம்: மூடுபனியில் அந்த ஆடு காலத்தைப் போல அசையாமல்

(மூடுபனி இல்லை. நல்ல வெயில். மொழிபெயர்ப்பு நாவல்கள் படித்துப் படித்து எனக்கு எல்லா இடத்திலும் மூடுபனி தெரிகிறது.)

இரண்டாம் தொடக்கம்: பண்ணைக்காரம்மாவின் கலங்கிய கண்களில் மண்ணின் துயரம்

(வைக்கோல் தூசி விழுந்திருந்தது. அவரே சொன்னார்.)

பண்ணைக்காரம்மாவிடம் ஒரு வழக்கம் உண்டு. வாங்குகிறவர்கள் ஒருமுறை நேரில் வந்து ஆட்டைப் பார்க்க வேண்டும். இரண்டு பாதிக்கும் ஆள் உறுதியானால்தான் அறுக்க அனுப்புவார்.

"ஒரு பாதிய மட்டும் எப்படி அறுக்கிறது? மீதிய மேயவா விடறது?" என்றார்.

3

அக்காவோடு பண்ணைக்குப் போயிருந்த நான், வேலிக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்தபடி இதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்தக் கதையின் முதல் பக்கத்தை என் பேன்ட்டின் பின்பையில் மடித்து வைத்திருந்தேன். ஆடு அதை இழுத்து, நிதானமாக மென்று, விழுங்கியது.

என் எழுத்தை ஒரு வரி விடாமல் முடித்த முதல் வாசகர்.*

* அக்கா இரண்டாம் பத்தியில் தூங்கிவிடுவாள்.

"ரொம்பப் பெருமைப்படாதீங்க தம்பி," என்றார் பண்ணைக்காரம்மா. "போன வாரம் என் செருப்பத் தின்னுச்சு."

ஆனாலும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது. "எனக்குப் பாதி வேண்டாம்க்கா," என்றேன்.

"வர்ற வழியில கறி வெச்ச பன் தின்னியே," என்றாள் அக்கா. "அதுக்குள்ள இருந்த ஆடு உன் கதையப் படிக்கலைன்னா?"

4

(இந்த இடத்தில் பண்ணைக்காரம்மாவைக் கோபப்பட வைத்தேன். பொருந்தவில்லை. அவர் கோபப்படவே இல்லை.)

"வேணாம்னா வேணாம். ஆனா அது சும்மா நிக்கல தம்பி, தின்னுக்கிட்டு நிக்குது. தீவனம் இந்த மாசத்துக்குத்தான் இருக்கு. வேற ஆள் வரலைன்னா சந்தைக்கு ஏத்திடுவேன். அப்புறம் அது எந்தக் கடைக்குப் போகுதுன்னு எனக்கே தெரியாது."

ஆடு எங்களைப் பார்க்கவில்லை. என் இன்னொரு பையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

5

முடிவு அ: நான் மனம் மாறி என் பாதியை வாங்கிக்கொள்கிறேன். சமைக்க எடுக்கும்போது

(முடியவில்லை.)

முடிவு ஆ: முழு ஆட்டையும் நானே வாங்கி வளர்க்கிறேன். (மூன்றாம் மாடி. போதாக்குறைக்கு வீடு முழுக்கப் புத்தகம். ஆட்டுக்குச் சம்மதமாகத்தான் இருக்கும்.)

முடிவு இ: நான் கதையை முடிக்காதவரை சந்தை வண்டி வராது. இதை நானே ரசித்து, பண்ணைக்காரம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நீங்க முடிச்சாலும் முடிக்காட்டியும் வண்டி வரும் தம்பி," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "உங்க கதைய வேற யாராச்சும் படிப்பாங்களா?" என்று கேட்டார்.

"ஒருத்தர் ரெண்டு பேர் படிக்கலாம்."

"அவங்களக் கேட்டுப் பாருங்களேன்."

6

அதனால்தான் கேட்கிறேன். அக்காவின் பாதி உறுதி. பட்டாணியை அவள் இன்னும் திரும்ப உள்ளே வைக்கவில்லை. நீங்கள் மறுபாதியை எடுத்தால் ஆடு எங்கே போனதென்று எல்லோருக்கும் தெரியும். எடுக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆட்டுக்கு இதில் பெரிய வித்தியாசம் இருப்பதாகச் சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன்.

எதுவானாலும் முதலில் வந்து பார்க்க வேண்டும். அதுதான் வழக்கம். வரும்போது இந்தப் பக்கத்தைப் பின்பையில் வைத்துக்கொண்டு வருவதா, வீட்டிலேயே விட்டுவிட்டு வருவதா என்பதை நீங்களே